கடைசி அட்டெம்ப்டும் போன பிறகு எது கடந்து போகும்?

உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு தடவை படித்தேன். உங்கள் பிரிவுக்கான 35 வயது வரம்பைத் தாண்டிவிட்டதால் இனி சிவில் சர்வீஸ் தேர்வு எழுத முடியாது. சில முறை இரண்டாம் கட்டமான மெயின்ஸ் வரை வந்தீர்கள், ஒரு முறை இன்டர்வியூவுக்கு டெல்லி போய் வந்தீர்கள், கடைசிப் பட்டியலிலும் பெயர் இல்லை. போனை எடுப்பதில்லை, சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, விடியற்காலை வரை தூக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் 'இதுவும் கடந்து போகும்' என்கிறார்கள், கேட்டாலே எரிச்சல் வருகிறது. நிஜமாகவே கடந்து போகுமா, எத்தனை நாளாகும், 'ஏற்றுக்கொள்' என்கிறார்களே, அதற்கு என்னதான் செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நான் புரிந்துகொண்டவரை இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. போனது திரும்பி வராத ஒன்று. அப்படியிருக்க, அதனால் வந்த வலி மட்டும் எப்படித் தற்காலிகமாக இருக்க முடியும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மருத்துவ உளவியல் படித்து, சென்னையில் பல வருடங்களாக ஆலோசகராக இருப்பவன். அண்ணா நகரில் தங்கி இந்தத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். மனநல மருத்துவர் இல்லை, மருந்து எழுதித்தர எனக்குத் தகுதி கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த எரிச்சலைப் பற்றி. அது நியாயமான எரிச்சல். 'கடந்து போகும்' என்று சொல்கிறவர்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறார்கள். ஒன்று நடந்த நிகழ்வு, இன்னொன்று அதனால் உங்களுக்குள் எழும் துயரமும் வெட்கமும் கோபமும். முதல் அட்டெம்ப்டில் முதல் கட்டமான பிரிலிம்ஸிலேயே தவறியவரிடம் 'இது தற்காலிகம்' என்றால் இரண்டுக்குமே பொருந்தும், அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். உங்களுக்கு அப்படி இல்லை. அந்தக் கதவு மூடியது மூடியதுதான். அதைத் தற்காலிகப் பின்னடைவு என்று நான் சொன்னால் அது பொய், உங்களுக்கும் அது தெரிந்துவிடும். ஆனால் கதவு நிரந்தரமாக மூடியதால் வலியும் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று உங்கள் மனம் போடும் கணக்கு இருக்கிறதே, அது தவறு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இழப்பு அப்படியே இருக்க, அதன் வலி மட்டும் மெல்ல மெல்லக் குறைவதை என் அறையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய ஆய்வு ஒன்று உண்டு. டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 1998-ல் வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர்களைச் சில வருடங்களுக்குப் பிறகு எடைபோட்டு, நிரந்தரப் பணி தருவதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். கிடைக்காதவர் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். முடிவுக்காகக் காத்திருந்தவர்களிடம், 'கிடைக்காவிட்டால் அடுத்த சில வருடங்கள் எப்படி இருப்பீர்கள்' என்று கேட்டார்கள். கிடைத்தவர்களைவிடப் பல வருடங்களுக்கு மிகவும் வருத்தமாக இருப்போம் என்றார்கள். அப்புறம், முந்தைய வருடங்களில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் கேட்டுப் பார்த்தால், இருவருடைய மகிழ்ச்சியிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வருடக்கணக்கில் உழைத்து, ஒரு குழு உட்கார்ந்து 'வேண்டாம்' என்று சொல்லிவிட்ட நிலைமை அது. வருத்தம் வரும் என்பதை நாம் சரியாகவே ஊகிக்கிறோம்; அது எத்தனை காலம் நீடிக்கும் என்பதைத்தான் கூட்டிக் கணக்கிடுகிறோம். வேறு பல சூழ்நிலைகளிலும் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். எதிர்காலத்தை நினைக்கும்போது அந்த ஒரு தோல்வி மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. அந்த எதிர்காலத்தில் ஒரு நண்பர் வருவார், மழை பெய்யும், வேலையில் ஏதோ ஒரு சிக்கல் வந்து கவனத்தை இழுக்கும், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கும் என்பதெல்லாம் கணக்கில் சேர்வதில்லை. மனம் தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும் விதமும் முன்கூட்டித் தெரிவதில்லை.

இதற்கு மேல் போகும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 'லாட்டரியில் ஜெயித்தவரும் விபத்தில் முடங்கியவரும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள்' என்று ஒரு கதையை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 1978-ல் பிரிக்மனும் மற்றவர்களும் செய்த ஆய்வு அது. லாட்டரி ஜெயித்தவர்கள் 22 பேர், விபத்தில் முடங்கியவர்கள் 29 பேர், அவ்வளவுதான். விபத்துக்கு உள்ளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியுடன்தான் இருந்தார்கள். நாம் பயப்படும் அளவுக்குக் குறைவில்லை என்பது உண்மை, இரண்டும் சமம் என்பது உண்மையில்லை. 'எந்த உணர்ச்சியும் 90 விநாடிதான்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் அப்படியே நம்பாதீர்கள். திடுக்கிடும்போது உடம்பில் எழும் படபடப்பு சீக்கிரம் அடங்கலாம், துயரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பெல்ஜியத்தில் 233 பள்ளி மாணவர்களிடம், தங்களுக்கு வந்த உணர்ச்சிகள் எவ்வளவு நேரம் இருந்தன என்று கேட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 27 உணர்ச்சிகளில் மிக நீண்ட நேரம் தங்கியது துயரம். எரிச்சல், வெட்கம், சலிப்பு போன்றவை சீக்கிரம் கடந்தன. துயரம் நாள்கணக்கில் நின்றது. நினைவிலிருந்து சொன்னது, அதுவும் பள்ளிப் பிள்ளைகள் சொன்னது என்பதால் மணிக்கணக்கை உங்களுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் அதில் வந்த ஒரு காரணம் முக்கியம். வாழ்க்கையில் பெரிதாக மதித்த ஒன்றைப் பற்றியதாகவும், அதையே திரும்பத் திரும்ப யோசிப்பதாகவும் இருந்தால் உணர்ச்சி நீள்கிறது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. ஆகவே 'ஒரு மாசமாச்சு, இன்னும் சரியாகலையே, என்கிட்ட ஏதோ கோளாறு' என்று நினைக்க வேண்டாம்.

பட்டியல் வந்து எத்தனை நாளானது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை நாளானாலும், அது நேர்கோட்டில் குறையாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு நாள் பரவாயில்லை என்று இருக்கும், ஐந்தாம் நாள் கூடப் படித்தவர், தேர்வானவர்களுக்குப் பயிற்சி தரும் முசௌரி அகாடமி வாசலில் நின்று எடுத்த படத்தைப் போடுவார், மறுபடி முதல் நாள் போல ஆகிவிடும். அடுத்த தேர்வுக்கான நோட்டிஃபிகேஷன் வரும் வாரம், பிரிலிம்ஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வருடத்துப் பட்டியல் வரும் மாலை, இந்த மூன்றும் உங்களுக்குக் கனமாக இருக்கும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்த நாள்களில் வலி திரும்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. வரும், வந்து போகும். ஒவ்வொரு முறை வரும்போதும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள், அங்கேதான் மாற்றம் தெரியும்.

இனி, எது இதை நீட்டிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் கையில் ஏதாவது இருக்கிறது என்றால் அது இங்கேதான். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, தற்செயலாக, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் மனநிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து வாங்கியிருந்தார் சூசன் நோலன்-ஹோக்செமா. நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தார். வருத்தம் வந்தால் 'எனக்கு ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு, ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஊரே குலுங்கிய நிகழ்வு எல்லோருக்கும் பொது, அது எத்தனை நாள் உள்ளே தங்கியது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது.

தேர்வர்களிடம் இந்த அசைபோடல் யோசனை போலவே வேஷம் போட்டு வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய மதிப்பெண்களை எடுத்து வைத்துக்கொண்டு, விருப்பப் பாடத்தை மாற்றியிருந்தால், அந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருந்தால், இன்டர்வியூவில் அந்த மூன்றாவது உறுப்பினருக்கு இப்படிச் சொல்லியிருந்தால் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் ஒரு எளிய சோதனை சொல்வேன். அரை மணி நேரம் யோசித்த பிறகு நாளை செய்யும்படியான ஒரு காரியம் அல்லது ஒரு முடிவு கிடைத்ததா? கிடைத்தால் அது யோசனை. கிடைக்காமல், தொடங்கிய இடத்துக்கே வந்து, உடம்பு மட்டும் களைத்திருந்தால் அது அசைபோடல். அப்போது எழுந்து முகம் கழுவி, வேறு அறைக்குப் போய், கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலையைச் செய்யுங்கள். நியாயமான பதில் கண்டுபிடித்துவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படி ஒரு பதில் வராது. 2024 தேர்வில் கடைசிப் பட்டியலில் வந்தவர்கள் 1009 பேர். விண்ணப்பிப்பவர்கள் பத்து லட்சம் அளவில் இருப்பார்கள். இன்டர்வியூ வரை வந்தவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவரை உள்ளேயும் இன்னொருவரை வெளியேயும் வைத்தது எது என்று அவருடைய குணத்தைத் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது.

அசைபோடக் கூடாது என்றதும் பலர் நேர் எதிராகப் போவார்கள். நினைக்கவே மாட்டேன், புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடுவேன், அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போவேன் என்று. அதுவும் உதவாது. டேனியல் வெக்னர் 1987-ல் செய்த பரிசோதனை பிரபலமானது. ஒரு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னார். அவர்களால் முடியவில்லை. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டதும், ஆரம்பத்திலிருந்தே நினைக்க விட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். நீங்கள் போனை எடுக்காமல் இருப்பதும் கல்யாணத்துக்குப் போகாததும் ஓரளவு இந்த வகைதான். அன்றைக்கு நிம்மதி கிடைக்கும், அடுத்த அழைப்பு இன்னும் பெரிய பயமாக வந்து நிற்கும்.

சரி, ஏற்றுக்கொள்வது என்றால் என்ன? நடந்தது நல்லதற்குத்தான் என்று ஒப்புக்கொள்வது இல்லை. விதி என்று விட்டுவிடுவதும் இல்லை. கனவு சின்னது என்று இப்போது சொல்லிக்கொள்வதும் தேவையில்லை, அது பெரிய கனவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது உள்ளே இருக்கிற உணர்ச்சியை, இருக்கக் கூடாது என்று சண்டை போடாமல் இருக்க விடுவது, அவ்வளவுதான். பிரெட் ஃபோர்டு, ஐரிஸ் மௌஸ் முதலியவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் எதிர்மறை எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் குற்றம் சொல்லாமல் ஏற்பவர்கள் மன அழுத்தம் வரும்போது குறைவாகவே துவண்டார்கள், மாதங்கள் கழித்தும் நன்றாக இருந்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. உதவியது உணர்ச்சியை ஏற்பதுதான்; சூழ்நிலையை ஏற்பதால் அந்தப் பலன் வரவில்லை. உங்கள் விஷயத்திலும், தேர்வாணையத்தின் முடிவோடு சமாதானமாகிவிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அது நடக்காமலே போகலாம். வெட்கம் வரும்போது 'இப்போது வெட்கமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது' என்று தனக்குள் சொல்லி, கொஞ்ச நேரம் அதோடு உட்கார முடிந்தால் போதும். 'முப்பத்தஞ்சு வயசுல இப்படி அழலாமா' என்று அதன் மேல் இன்னொரு வெட்கத்தை ஏற்றாமல் இருந்தால் போதும். துயரத்தை நீளமாக்குவது பல சமயம் இந்த இரண்டாவது அடுக்குதான்.

காலத்தைத் தள்ளிவைத்துப் பார்ப்பதும் உதவுகிறது. எம்மா புரூல்மன்-செனகல், ஓஸ்லம் அய்டுக் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வுகளில், நெருங்கிய நாள்களை நினைத்தவர்களைவிட, பல வருடம் கழித்து இதை எப்படி உணர்வோம் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு அப்போதைய வேதனை குறைந்தது. இது நிலையில்லாதது என்ற எண்ணம் அதன் வழியாக வந்ததே காரணம். ஆனால் மனம் மிகவும் சோர்ந்திருப்பவரிடம் 'பத்து வருஷம் கழிச்சு எப்படி இருப்பீங்க' என்று கேட்டால் அந்தப் பத்து வருடமும் இருட்டாகவே தெரியும், நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அப்படியானால் முன்னால் போகாமல் பின்னால் போங்கள். உங்கள் முதல் பிரிலிம்ஸ் போன வாரம் என்ன நினைத்தீர்கள்? அதுவும் தீராது என்றுதானே தோன்றியது? இன்றைக்கு அந்த நாளை நினைத்தால் அதே அளவு வலிக்கிறதா? இன்னொன்று, ஒரு நோட்டில் காலை, மாலை, ராத்திரி என மூன்று வேளையும் மனக்கனத்துக்கு பத்துக்கு ஒரு எண் போட்டு எழுதி வாருங்கள். 'நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கு' என்று சொன்னவர்கள் நோட்டைக் கொண்டுவரும்போது, மாலை ஆறு மணிக்கு 4, ராத்திரி இரண்டுக்கு 9 என்று இருக்கும். தன் கையெழுத்தில் அதைப் பார்ப்பதற்கும் நான் வாயால் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பெரிய முடிவுகளை, எண் 9 ஆக இருக்கும் அந்த நேரத்தில் எடுக்காமல் இருக்கவும் அது உதவும்.

இத்தனையும் சொன்ன பிறகு, தானாகக் கடக்காமல் போகக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 24,000 பேருக்கு மேல் 15 வருடம் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து ரிச்சர்டு லூக்காஸும் மற்றவர்களும் 2004-ல் எழுதினார்கள். வேலையிழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, ஆனால் மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய அளவை எட்டவில்லை. ஆகவே தேர்வுத் தோல்வியின் வருத்தமும் கையில் வேலை இல்லாத நிலைமையும் உங்களுக்குள் ஒன்றாகக் கலந்திருந்தால், அவற்றைப் பிரித்துப் பாருங்கள். முன்னது நாளாக ஆகக் குறையும். பின்னது தினமும் புதிதாக வலி தரும், காத்திருந்தால் குறையாது. 'மனசு சரியானதும் வேலை தேடலாம்' என்று வருகிறவர்களை நான் பெரும்பாலும் மறித்துத்தான் பேசுவேன். துயரம் இருக்கும்போதே, அதையும் சுமந்துகொண்டே, பகலில் நாலு மணி நேரம் வெளியே போய் உழைக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். அது வாழ்நாள் வேலையாக இருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் 'அடுத்து என்ன?' என்று கேட்பார்கள் என்ற பயத்துக்கும் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'தேர்வு முடிஞ்சுது மாமா, இப்ப வேற வேலை பார்க்கிறேன், நீங்க எப்படி இருக்கீங்க?' இதை இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டால் நாலாவது ஆளிடம் குரல் நடுங்காது.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது தூக்கம்தான். இங்கிருந்து நான் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் விடாமல் இருந்தால், அதை வருத்தம் என்று விட்டுவிடாமல் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் விலகும், ஆனால் தானாக விலக மாதங்கள் ஆகலாம். சிகிச்சை அந்தக் காலத்தைக் குறைக்கும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நோய் இருக்கும்போது 'இது மாறும்' என்பதை நம்பும் சக்தியே போய்விடுகிறது என்பதால், நம்பிக்கை வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்க முடியாது. நம்பாமலே போகலாம். தமிழ்நாட்டில் பள்ளிப் பொதுத்தேர்வில் தவறியவர்களுக்கு, ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பு இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தது. ஒரு வருடம் போச்சு என்று தோன்றும் அந்தச் சில வாரங்கள்தான் ஆபத்தானவை என்பதைப் புரிந்துகொண்டு செய்த காரியம் அது. உங்களுக்குத் துணைத்தேர்வு கிடையாது, ஆனால் அந்தச் சில வாரங்கள் உங்களுக்கும் உண்டு.

அதனால் நேராகக் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். அப்படி எண்ணம் எதுவும் இல்லை, தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றாலும் இந்த வாரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு புறநோயாளர் பகுதிக்குக் காலையில் போய் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தூக்கம் பிடிக்கிறது, எப்போது விழிக்கிறீர்கள் என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபமாகும். கூட யாரையாவது அழைத்துப் போவது நல்லது. சித்தப்பா மகளிடம் கல்யாணத்துக்கு வராததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டிலிருந்தே யாரையாவது கூப்பிடலாம்.